ஒன்றைக் கழித்தால்

டீயைப் பாதி குடித்திருந்தபோதுதான் தொலைக்காட்சியில் அந்த எண்கணித ஜோதிடர் வாயைத் திறந்தார். மீதி டீயை ஹெப்சிபா குடிக்கவே இல்லை.

மறைசாட்சித் திட்டத்துக்கு அன்று பத்தாம் ஆண்டு விழா. விடிந்ததிலிருந்து எல்லாச் சேனலிலும் அதே பாட்டுதான். பழைய அமைச்சர் வந்து கண் கலங்கினார், இப்போதைய அமைச்சர் வந்து கை கூப்பினார். அப்புறம் பேச ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது, இந்த மனிதரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். பட்டு ஜிப்பா, விரலுக்கு ஒரு மோதிரம், முகம் கொள்ளாத சிரிப்பு.

"தாய் எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே அடியேன்தான்," என்றார். "கணக்கு நிபுணர்கள் கட்டுக்கட்டா எண்கள் கொண்டுவந்தாங்க. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தா ரெண்டு வரும், இல்லன்னா அஞ்சு வரும், அதுவும் இல்லன்னா எட்டு. எட்டு யாரு? சனி பகவான்! அமைச்சருக்கு ராசி எண் ஒன்னு. சூரியன். கூட்டினா ஒன்னு வராம இந்த வாசப்படி ஏறாதீங்கன்னு விரட்டி விட்டுட்டேன். கடைசி நாள்ல கொண்டுவந்தாங்க பாருங்க, ஒன்னு!"

கடையில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஹெப்சிபா மட்டும் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சரம்மா, டீயில ஈ விழுந்துட்டா? இப்படி முழிக்கிய?" என்றாள் கடைக்காரி இசக்கியம்மாள்.

"ஒன்னுமில்லக்கா. தலைவலி."

ஹெப்சிபா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியை. குவாரிக்குப் பாதை பிரிகிற விலக்கில் பஸ் மாறுகிற நேரத்தில் இசக்கியம்மாள் கடையில் ஒரு டீ குடிப்பது பல வருஷத்துப் பழக்கம். இசக்கியம்மாளுக்குக் கறுத்துப் பருத்த உடம்பு, வெடுக்கென்ற பேச்சு, கடன் சொன்னவனை அவன் பாட்டன் பேர் சொல்லித் திட்டுகிற வாய். அந்த வாய்தான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கொலைக்குச் சாட்சி சொன்னது. அது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது, ஹெப்சிபாவைத் தவிர.

மறைசாட்சி என்றால் அதுதான். கொலையையோ கொள்ளையையோ கண்ணால் பார்த்தவர் மையத்துக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பார்த்ததைச் சொல்லிவிட்டு வரலாம். சொன்னவர் நிஜமான ஆள்தானா, அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தாரா என்பதை இயந்திரம் சரிபார்த்துவிட்டு, பேரை மட்டும் பூட்டிவிடும். சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கும். பேர் நீதிபதிக்கும் தெரியாது. பூட்டிய சாட்சியங்கள் எல்லாம் பொதுவிலேயே கிடக்கும், யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். திறக்க முடியாது என்ற திமிரில் அரசாங்கம் அப்படி வைத்திருந்தது. எல்லாப் பூட்டும் ஒரே ஒரு மிகப் பெரிய பகா எண்ணை நம்பி நின்றது. அந்தத் தாய் எண்ணை ஒவ்வொரு மையத்தின் வாசலிலும் கருங்கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். சிலர் அதற்குக் குங்குமம்கூட வைத்தார்கள்.

குவாரிக்கு எதிராக அளந்து எழுதிய சர்வேயர் நல்லதம்பியை இந்த விலக்கில்தான் டிப்பர் லாரி அடித்தது. அடித்து, நின்று, பின்னால் வந்து, மறுபடி ஏறியது. ஓட்டியவன் குவாரி முதலாளி மாசானமுத்துவின் தம்பி. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இசக்கியம்மாள் முழுவதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். அவளைத் தேற்றி, பேசிப் பேசி மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது ஹெப்சிபாதான்.

"யக்கா, உலகத்துல இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்னா சேர்ந்தாலும் உங்க பேரைத் திறக்க முடியாது. போலீஸை நம்ப வேண்டாம், கோர்ட்டை நம்ப வேண்டாம். கணக்கை நம்புங்க. அது யாருக்கும் பயப்படாது," என்று அன்று சொல்லியிருந்தாள். தம்பிக்காரனுக்கு ஆயுள் தண்டனை. மாசானமுத்து இன்றைக்கும் இதே கடையில்தான் டீ குடிக்கிறார். "எந்தக் கழுதை சொல்லிச்சுன்னு மட்டும் தெரியட்டும்," என்று இசக்கியம்மாளிடமே அங்கலாய்ப்பார். இவளும் "ஆமா மொதலாளி" என்று சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுப்பாள்.

அன்று மத்தியானமே ஹெப்சிபா கல்லூரி ஆய்வகத்தில் போய் உட்கார்ந்தாள். தாய் எண்ணை எடுத்தாள். அதிலிருந்து ஒன்றைக் கழித்தாள். மிச்சத்தை உடைக்கக் கணினியிடம் கொடுத்துவிட்டு, உடையக் கூடாது ஆண்டவரே, உடையக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலத்துக்குள் அது துண்டு துண்டாக உடைந்து திரையில் கிடந்தது. முந்தின எண் உடைந்தால் பூட்டும் உடைந்தது என்றுதான் அர்த்தம்.

அடுத்த ரயிலுக்கே சென்னைக்குக் கிளம்பினாள். மறைசாட்சி ஆணையத்தின் இயக்குநர் பொன்னுரங்கம் அவளோடு முதுகலை படித்தவன். பெரிய அறை, பெரிய மேஜை, தலையில் பாதி முடி போயிருந்தது.

"அது பகா எண்தானே, பொன்னு?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"சத்தியமா பகா எண்தான்."

"அதுல ஒன்னைக் கழிச்சா?"

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். மறுக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய அடியாக இருந்தது.

"நல்ல எண் எல்லாமே ரெண்டு, அஞ்சு, எட்டுலதான் விழும், ஹெப்சி. உனக்குத் தெரியும். அந்த ஜோசியக்காரனுக்கு எப்படிப் புரிய வைப்பேன்? விடிஞ்சா விழா. ஒன்பதைப் போட்டு, கூடவே கையில இருந்த சின்னப் பகா எண்களையெல்லாம் போட்டுப் பெருக்கி, ஒன்னைக் கூட்டினேன். அமையற வரைக்கும் மாத்தி மாத்திப் பார்த்தேன். அமைஞ்சுது. கூட்டினா ஒன்னு. மேடைக்கு மட்டும் இதை வெச்சுக்குவோம், அடுத்த வாரம் ஒழுங்கா ஒன்னு மாத்திடலாம்னு இருந்தேன்."

"மாத்தித் தொலைக்க வேண்டியதுதானே?"

"மறுநாளே கல்வெட்டுல வெட்டிட்டாங்களே!"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இத்தனை வருஷம் ஒருத்தர்கூடவா சோதிக்கலை?"

"எல்லாரும் சோதிச்சாங்க. பகா எண்ணான்னு சோதிச்சாங்க. பகா எண்தான். சரின்னு போயிட்டாங்க."

"எல்லாத்தையும் வெளியில சொல்லப் போறேன்."

"சொல்லு," என்றான் பொன்னுரங்கம். "நீ சொன்ன அன்னைக்கே பத்து வருஷத்துப் பேரும் சந்திக்கு வரும். பூட்டினதெல்லாம் ஊர் முழுக்க நகலாக் கிடக்கு, ஒன்னையும் திரும்ப வாங்க முடியாது. யாருக்கும் தோணாம இருக்கறது ஒன்னுதான் அதுக்குக் காவல். எனக்குக் கொஞ்சம் டைம் குடு. மேம்பாடு அது இதுன்னு பேர் வெச்சுப் புது எண்ணைக் கொண்டுவந்துடறேன். புதுசா வர்றவங்க தப்பிச்சுக்குவாங்க. பழையவங்க பாவம், தூங்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தான். "உனக்கு வேண்டியவங்க யாராவது இருக்காங்களா அதுல?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவனுக்கு அது போதுமாயிருந்தது.

ஊருக்கு வந்தாள், வாயை மூடிக்கொண்டாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மையத்தில் தினமும் ஆட்கள் நின்றார்கள். முக்காடு போட்ட பெண்கள், தலையைத் தொங்கப் போட்ட ஆண்கள், கல்வெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். போகாதீர்கள் என்று கத்த வேண்டும் போலிருக்கும். கத்தினால் இசக்கியம்மாள். கத்தாவிட்டால் இவர்கள். தெரிந்த ஒரு முகத்துக்காகத் தெரியாத முகங்களைக் காவு கொடுக்கிறோம் என்று அவளுக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினாள். பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டால் "ஃபைல் நகருது" என்பான்.

இப்படியே மழைக்காலம் வந்துவிட்டது. ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இசக்கியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"டீச்சரம்மா, ஒரு சங்கதி. எந் தங்கச்சி மக மாரிச்செல்வி இருக்காள்ளா, நர்ஸு? அவ வேலை பாக்குத ஆசுபத்திரியில குடலிறக்கத்துக்குப் படுத்த கூலிக்காரனுக்குக் கிட்னியை எடுத்துட்டானுவளாம், படுபாவிய. இவ கண்ணால பாத்துருக்கா. சொல்லவும் பயம், சொல்லாம இருக்கவும் முடியல. அழுதுக்கிட்டே வந்தா. நாந்தான் சொன்னேன், ஏட்டி, நான் சொல்லலியா, எனக்கு என்ன ஆச்சு, கல்லு மாதிரிதானே இருக்கேன், டீச்சரம்மா சொன்ன கணக்கு பொய்க்காதுன்னு. போன வாரம் போயிச் சொல்லிட்டு வந்துட்டா!"

ஹெப்சிபா டம்ளரைக் கீழே வைத்தாள். சத்தம் கேட்டு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"ஏன், நல்லதுதானே? என்ன ஒன்னும் சொல்ல மாட்டேங்கிய?"

அப்போதுதான் உடைந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இசக்கியம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள், அது அவள் சுபாவமே இல்லை.

"எனக்கு வெளங்குத மாதிரி சொல்லுங்க. பூட்டு நல்ல பூட்டா, நொள்ளைப் பூட்டா?"

"பூட்டு நல்ல பூட்டுதான்க்கா. அந்த எண்ணோட பலம் அதுக்கு முந்தின எண்லதான் இருக்கு. முந்தினது ஒரே பாறையா இருந்தா எவனாலும் தூக்க முடியாது. இது வெளியில பாக்கப் பாறை. உள்ள அத்தனையும் ஜல்லி. ஒவ்வொரு ஜல்லியா அள்ளிட்டுப் போயிடலாம்."

"எவனுக்காவது தெரியுமா?"

"அந்த ஜோசியர் டிவியில உளறிட்டாரே. கணக்குப் படிச்ச எவனுக்கு வேணும்னாலும் தோணலாம்."

"அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியும்." இசக்கியம்மாளின் குரல் இறங்கியது. "இத்தன நாளு எதுக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திய?"

"உங்களுக்காகத்தான்க்கா."

"நான் கேட்டேனா?" கையிலிருந்த கரித்துணியை வீசி எறிந்தாள். "அறுபது வயசுக் கட்டை நானு. இருந்தா என்ன, போனா என்ன? அது வாழ வேண்டிய புள்ள. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா அவளை அனுப்பியிருப்பனா? அய்யோ, நானே பிடிச்சுத் தள்ளிவிட்டுட்டேனே!" தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஹெப்சிபாவால் அவளைத் தொடக்கூட முடியவில்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகு இசக்கியம்மாள் கையை நீட்டினாள். "அடிங்க சத்தியம். இனிமே நீங்க வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு என்ன ஆனாலும் சரி, நான் செத்தாலும் சரி, இந்த எண்ணு நொள்ளைன்னு ஒங்க வாயால வரக் கூடாது. வந்தா அந்தப் புள்ள பேரு வெளிய வந்துரும்."

"யக்கா, அது..."

"அடிங்கங்கேன்."

ஹெப்சிபா அடித்தாள். கரியும் சோப்பும் மணக்கிற கை.

அடுத்த வாரமே, தண்ணீர்க் குடத்தோடு சாலையைக் கடந்த இசக்கியம்மாளை டிப்பர் லாரி அடித்தது. அடித்து, நின்று, பின்னால் வந்து, மறுபடி ஏறியது. சர்வேயரை அடித்த அதே தினுசு. பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் தானாகவே போய் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டான்.

மாசானமுத்து பெரிய ரோஜா மாலையோடு துக்கத்துக்கு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, ஹெப்சிபா நின்ற பக்கமாக வந்து செருப்பை மாட்டினார்.

"நீங்க கணக்கு டீச்சர்தானே? என் மகனும் கணக்குல கெட்டிக்காரன். டிவியில அந்த ஜோசியர் பேசினதைக் கேட்டதிலேருந்து கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டே கெடந்தான்." ஒரு பெருமூச்சு விட்டார். "இந்தக் கடையில எத்தன டீ குடிச்சிருப்பேன்!"

அவர் கார் ஏறிப் போகிறவரைக்கும் ஹெப்சிபா அங்கேயே நின்றாள். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சத்தியம் அடித்த கை மட்டும் ஜில்லென்றிருந்தது.

மாரிச்செல்வி விடுகிற பெண் இல்லை. பெரியம்மா ஒரு மறைசாட்சி, சாட்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று வழக்குப் போட்டாள். எண்ணைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம், பெரியம்மாவை மையத்துக்குக் கூட்டிப் போனது டீச்சர், டீச்சருக்குக் கணக்கு தெரியும், டீச்சர் வந்து சொன்னால் நியாயம் கிடைக்கும் என்பதுதான். ஹெப்சிபாவுக்குச் சம்மன் வந்தது.

நீதிமன்றத்தில் ஆணையத்தின் வக்கீல் எழுந்து நின்று ரொம்பவும் அனுதாபமாகப் பேசினார். "அந்த அம்மையார் சாட்சியாகவே இருந்திருக்கலாம், கனம் நீதிபதி அவர்களே. நான் மறுக்கவில்லை. ஆனால் அது கொன்றவனுக்கு எப்படித் தெரியும்? பூட்டைத் திறக்க முடியாது. திறக்க முடியாதென்றால் தெரிந்திருக்க முடியாது. தெரியாமல் நடந்தது விபத்துதானே?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கூண்டில் நின்ற ஹெப்சிபாவைப் பார்த்தார். பைபிளின் மேல் கை வைத்து அவள் அப்போதுதான் உறுதி எடுத்திருந்தாள்.

"நீங்கள் எண்ணியலில் பேராசிரியர். நேராகக் கேட்கிறேன். அந்த எண்ணின் பூட்டைத் திறக்க வழி இருக்கிறதா? இருந்தால் இங்கேயே காட்டுங்கள். வழக்கு கொலை வழக்காக மாறும்."

வழி இருந்தது. அவள் கைப்பையில் பென் டிரைவாக ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. காலையில் கிளம்பும்போது காட்டிவிடுவது என்றுதான் எடுத்து வைத்தாள். செத்தவளுக்குச் செய்த சத்தியம் பெரிதா, அவளைக் கொன்றவன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது பெரிதா என்று வருகிற வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்த நேரமெல்லாம் தன்னோடு சண்டை போட்டாள். மாசானமுத்து அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இல்லை. கொஞ்சம் ஆர்வம்தான் இருந்தது.

அவருக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி மாரிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் உடுப்போடு அப்படியே வந்திருந்தாள், டியூட்டி முடிந்து நேராக. அழுது வீங்கிய கண். சொல்லுங்க டீச்சர், சொல்லுங்க என்று அந்தக் கண் கெஞ்சியது. சொன்னால் சாயங்காலத்துக்குள் அவள் பேர் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களின் கையில் இருக்கும். அவள் பேர், முக்காடு போட்ட பெண்களின் பேர், தலையைத் தொங்கப் போட்ட ஆண்களின் பேர், எல்லாம்.

"இல்லை," என்றாள் ஹெப்சிபா.

"சத்தமாகச் சொல்லுங்கள்."

"அந்தப் பூட்டை உடைக்க முடியாது. அது பகா எண்."

வாழ்க்கையில் கணக்கில் அவள் சொன்ன முதல் பொய். முன்வரிசையில் மாசானமுத்து மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். இருமினாரா சிரித்தாரா தெரியவில்லை. விபத்து என்று தீர்ப்பாயிற்று. டிரைவருக்கு அபராதம்.

வராந்தாவுக்கு வருவதற்குள் போன் அடித்தது. பொன்னுரங்கம்.

"நேரலையில பார்த்தேன். ரொம்ப நன்றி, ஹெப்சி. நீ காப்பாத்திட்ட."

"புது எண் எப்போ? இந்த மாசமே மாத்து, பொன்னு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

"எப்படி மாத்தறது? ஃபைல்ல காரணம் எழுதணுமில்ல? உடைக்க முடியாதுன்னு கோர்ட்ல பேராசிரியரே சத்தியம் பண்ணியாச்சு. அமைச்சர் உன் வாக்குமூலத்தை எல்லா மையத்துலயும் பெருசா எழுதி மாட்டச் சொல்லிட்டார். இனிமே யாரு கேட்டாலும் அதைத்தான் காட்டுவாங்க."

போனை அணைத்தாள்.

மாரிச்செல்வி படி இறங்கி அவளிடம் வந்தாள். திட்டுவாள், மூஞ்சியில் துப்புவாள் என்று ஹெப்சிபா காத்திருந்தாள். துப்பினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"அப்போ பெரியம்மா நெஜமாவே விபத்துலதான் செத்தாங்களா, டீச்சர்?"

"ஆமாம்மா."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது. "உண்மையைச் சொல்லவா? இத்தன நாளா எனக்குத் தூக்கமே இல்ல. பெரியம்மா பேரு எப்படியோ வெளிய வந்துட்டு, அடுத்தது என் பேருதான்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். இப்பதான் மூச்சு வருது."

வாசலில் வேப்பமரத்தடியில் அதே உடுப்பில் மூன்று பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மாரிச்செல்வி அவர்களைக் கை தட்டிக் கூப்பிட்டாள்.

"இவங்கதான்டி நான் சொன்ன டீச்சர்," என்றாள். "இவளுகளும் அன்னைக்கு ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தாளுக, டீச்சர். எல்லாத்தையும் பாத்துருக்காளுக. சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தாளுக. நீங்களே ஜட்ஜ் முன்னால சொல்லிட்டீங்கல்ல? அதான், இப்படியே மையத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க, தைரியமா இருக்கும்."

மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் சின்னவளாகத் தெரிந்தவள் மருதாணி வைத்திருந்தாள். போன வாரம்தான் கல்யாணம் ஆகியிருக்கும்.

ஹெப்சிபா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. டீச்சருக்குப் பெரியம்மா நினைப்பு வந்துவிட்டது போல என்று மாரிச்செல்வி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு நான்கு பேரும் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.